நாலு பல் தகடும் கம்பளி சாக்ஸும்

“யானைக்கும் அடி சறுக்கும்” என்று தொடங்கி, பூனையைப் பற்றி ஏதோ சொல்லி முடிப்பார் என் பெரியப்பா. பூனைப் பகுதி மறந்துவிட்டது. மாண்ட்ரியலில் பனிக்காலத்தில் காலணி விற்பவனுக்கு யானைப் பகுதியே போதும். புதுச்சேரியில் தமிழும் பிரெஞ்சும் படித்த தகுதியில், எழுபதுகளின் தொடக்கத்தில், அந்த ஊரின் செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு கடையில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. பாசி பிடித்த கிணற்றடியில் ஒருமுறையாவது வழுக்கி விழுந்தவர் என்றால் நீங்களும் நம்ம கட்சிதான், மேலே படியுங்கள்.

திருச்சி லாடம்

கோட்-டெ-நெய்ஜில் குடியிருந்த பொறியாளர் சுந்தரம் எங்கள் கடை வாசலில்தான் எனக்கு அறிமுகமானார், மல்லாந்த நிலையில். ஷூ தேயாமலிருக்கத் திருச்சியிலேயே லாடம் அடித்துக்கொண்டு வந்திருந்தார். இரும்பு பனிக்கட்டியைப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பினார். அதுவோ தேய்ந்து கண்ணாடியாகியிருந்தது.

உட்காரவைத்துக் காபி கொடுத்ததும் விஷயத்துக்கு வந்தார். மனைவி ஜெயம் டிசம்பரில் வாசற்படியில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவர். கட்டுப் பிரித்த பிறகும் வெளியே வரப் பயப்படுகிறார். இவருடைய வேலை ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. நீட்டிக்கலாமா என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். “அவ தனியா வாசல் தாண்டலேன்னா மூட்டை கட்ட வேண்டியதுதான், தம்பி.”

முதலாளி அர்மான் அந்த ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எங்க தாத்தா குதிரைக்கு அடிக்கும்போதே பனிக்காலத்தில் ஆணி முனையை வெளியே விட்டுத்தான் அடிப்பார்” என்றார்.

எவரெஸ்ட் சாமான்

அடுத்த வாரம் சுந்தரம் தன் மனைவி ஜெயம் அக்காவைக் கைத்தாங்கலாகக் கடைக்கு அழைத்துவந்தார். ஞாயிற்றுக்கிழமை மோன்-ரொயால் மலைப்பாதையில் நடந்து பழகலாம் என்பது திட்டம். தெரிந்தவர்கள் யாரும் கூட வரக்கூடாது என்பது அக்காவின் நிபந்தனை. கடைக்காரன் நான் மட்டும் விதிவிலக்கு.

சுந்தரத்தின் கண் நேராக மலையேறுபவர்கள் பூட்ஸுக்கு அடியில் மாட்டும் முள் சட்டத்தில் போய் நின்றது. நான் வாரால் கட்டிக்கொள்ளும் நாலு பல் இரும்புத் தகட்டைக் காட்டினேன். முள் சட்டத்தின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மலிவாக இருந்ததாலேயே அவருக்கு அதன்மேல் சந்தேகம். வளைத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார்.

அக்கா பொறுமை இழந்தார். “பால் வாங்கப் போறவளுக்கு எவரெஸ்ட் சாமான் எதுக்குங்க? அந்த நாலு பல்லையே கட்டுங்க தம்பி!”

மலைமேல் ஒரு வாசல்

ஏற்றத்தில் தகடு நன்றாகவே பிடித்தது. அக்கா முதலில் என் கையை விட்டார், பிறகு கணவர் கையை. மேலே இளைப்பாறும் கூடத்துக்குள் எல்லோரும் பூட்ஸோடு தடதடவென்று போய்க்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் வாசலில் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். கதவு என்று ஒன்று இருந்தால் நம்மவர் கால் சும்மா இருக்குமா?

அந்த நேரம் பார்த்துக் காற்று அவர் சால்வையைப் பிடுங்கிக்கொண்டு போனது. கம்பளி சாக்ஸ் காலோடு, பளபளக்கும் பனிக்கட்டிமேல் அக்கா ஓடினார். “ஜெயம், நில்லு!” என்று வெறும் பூட்ஸோடு பின்னால் ஓடிய சுந்தரம் நாலாவது அடியில் உட்கார்ந்துவிட்டார். அக்கா சால்வையோடு நின்று, தன் காலைக் குனிந்து பார்த்தார். காலை ஒருமுறை அழுத்தித் தேய்த்துப் பார்த்தார், வழுக்கவில்லை.

“பத்திரமா எழுந்திருங்க. வேணும்னா என் கையைப் பிடிச்சுக்கோங்க” என்றார் கணவரிடம்.

முதலாளியின் கவலை

அந்த வியாழக்கிழமை மதியம் கடைக் கதவு திறந்தது. இரண்டு பஸ் மாறி, தனியாக, ஜெயம் அக்கா. பூட்ஸுக்கு மேல் சுந்தரத்தின் சாம்பல் நிறக் கம்பளி சாக்ஸ். மலையில் விழும் புதுப்பனி சாக்ஸில் ஒட்டி உருண்டை கட்டுகிறதாம், தெருவில் மிதிபட்டு இறுகிய பனிக்கட்டியிலோ சாக்ஸ் பசை போலப் பிடிக்கிறதாம். ஆகவே தெருவுக்கு சாக்ஸ், மலைக்கு நாலு பல்.

அர்மான் தலையில் கைவைத்தார். எல்லோரும் இப்படிக் கிளம்பினால் தான் எதை விற்பது என்று அக்காவிடம் தமிழில் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

“சாக்ஸை விக்கச் சொல்லுங்க, தம்பி.”

அந்த மாதம் எங்கள் காலணிக் கடையில் காலணியைவிடக் கம்பளி சாக்ஸ் அதிகம் விற்றது. சுந்தரம் இன்னும் இரண்டு வருஷத்துக்கு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.