மலையில் போடும் வெடி

அமெரிக்காவில் நாங்கள் இருக்கிற ஊரில் சுவரில் ஆணி அடிக்குமுன் பக்கத்து வீடுகளுக்குச் சொல்லிவிடுவார்கள். சட்டமில்லை, பழக்கம். சுத்தியல் எடுக்கிறேன், பயப்பட வேண்டாம் என்று ஃபோனில் செய்தி வரும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் துப்பாக்கியோடு நுழைந்து சுட்டதற்குப் பிறகு வந்த பழக்கம். என் மகள் கவிதா அந்த வகுப்பில் இருந்தாள். அவளுக்குக் காயமில்லை. பக்கத்தில் உட்காருகிற தோழி செத்துப்போனாள். உங்கள் நாட்டில் யுத்தம் நடந்ததே, உங்களுக்குப் பழகியிருக்கும் என்றார் என்னோடு வேலை செய்கிறவர். நாங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் என்றேன். டீ நன்றாக இருக்கும் என்றார்.

இந்த வருடம் அவளை மலையகத்தில் என் ஊரான ராகலைக்குக் கூட்டிவந்தேன். சத்தமில்லாத இடம் என்று நினைத்துத்தான். கொழுந்து பறிக்கிற என் அக்காவின் வீட்டில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில், தங்கினோம். விடிந்ததும் வெடிச்சத்தம். மலையில் சிறுத்தை, எங்கள் பேச்சில் புலி, திரிவதால், பெண்கள் தேயிலைக்குள் இறங்குமுன் வெடி போட்டு விரட்டுவார்கள். நான் பிறந்த தோட்டம். எனக்கு அது ஒரு சத்தமாகவே தோன்றியதில்லை. அதனால் அவளிடம் சொல்லவில்லை. கவிதா கட்டிலுக்கடியில் கிடந்தாள். கையால் வாயைப் பொத்தியிருந்தாள். வகுப்பிலும் அன்று அப்படித்தான் கிடந்தார்களாம்.

கவிதா பயந்ததைக் கேள்விப்பட்டு, சாயங்காலம் வேலையை மேற்பார்க்கிற கங்காணி வந்தார். "நாளைக்கு வெடி வேணாங்க. தகரத்த தட்டிக்கிட்டு எறங்குறோம்."

"தகரத்துக்கு ஓடுற புலியா அது? ஒங்க மூஞ்சிய பாத்தே ஓடல" என்றாள் அக்கா.

அவரோடு வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். கவிதா சிரிக்கவில்லை. பக்கத்து மலையில் ஒரு பெண்ணின் தோளைப் புலி கிழித்த கதையை அவளும் கேட்டிருந்தாள்.

"தகரம் தட்டுனா போயிருமா அத்தை?"

"போனாலும் போகும்."

"வெடி போடச் சொல்லுங்க. வெடி இல்லாம நீங்க உள்ள போகக் கூடாது."

மறுநாள் அவளும் மலையடிக்கு வந்தாள். வெடி வெடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு பாதையில் அப்படியே குந்திவிட்டாள். அக்கா அவள் முதுகைத் தடவினாள்.

"அவ்ளோதான் புள்ள. இனி ஒன்னும் வராது."

"அது எப்படித் தெரியும்?"

அக்கா கூடையை மாட்டிக்கொண்டு ஏறினாள். எங்கள் தோட்டத்தில் வெடி கேட்டால் ஆட்கள் உள்ளே இறங்குவார்கள்.

"நீங்க அத்தையோட போங்கப்பா" என்றாள் கவிதா. அவள் காதைப் பொத்திய கையை இன்னும் எடுக்கவில்லை.

கொஞ்ச தூரம் ஏறினேன். மேலே அக்காவும் கீழே மகளும் தெரிகிற ஒரு கல்லில் நின்றுகொண்டேன்.