பெரியவருக்கு ஏழு நிமிடம்

ஏழு. இந்த எண்ணை மனதில் வையுங்கள்.

ஏழு நிமிடம். சீருடை தைக்கும் எங்கள் கம்பெனியில், ஒரு தொழிலாளி வேலைக்கு நடுவே மேஜையை விட்டு எழுந்து போய்வர உள்ள நேரம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை. முதலாளி மனமிரங்கித் தந்ததல்ல. கேட்டுக்கு வெளியே பத்தொன்பது நாள் உட்கார்ந்து வாங்கியது. அப்போது சங்கச் செயலாளர் நான். இப்போது ஓய்வு.

மேஜைக்குப் பதினோரு பேர். மேஜை முனையில் ஓர் ஆணி, அதில் கயிறு கட்டிய மர வில்லை. எழுந்து போகிறவர் வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். அது ஆணிக்குத் திரும்பினால்தான் அடுத்த ஆள் எழலாம்.

ஒப்பந்தம் எழுதும்போது, நூல் வெட்டும் பெண் ஒருவர் எழுந்து, "போன இடத்துல என்ன பண்ணோம்னு யாரும் கேக்கக் கூடாது. அதையும் எழுதுங்கண்ணே" என்றார். கழிப்பறை வாசலில் மேற்பார்வையாளர் காவல் நின்ற காலம் அது. இதற்கெல்லாமா ஒரு ஷரத்து என்று எனக்கு எரிச்சல். அவர் உட்காரவே இல்லை. நான்காவது ஷரத்தாக எழுதினோம். அந்தப் பெண்ணைப் பற்றித்தான் இது.

கத்தரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். தைத்து வரும் சட்டைகளில் தொங்கும் நூல் நுனிகளை வெட்டுவது வேலை. முப்பத்தொரு வருடமாக அதே நான்காம் மேஜை. வலது கட்டைவிரல் இனி நேராகாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "நேரம் கிடைக்கல" என்பார். மாடியில் ஓர் அறை, கீழே தங்கை குடும்பம். தங்கை மகள் வெளியூருக்குப் படிக்கப் போகும்போது, "பெரியம்மா, பத்து நாள் மட்டும் பாத்துக்கோங்க" என்று ஒரு முயலைக் கொடுத்துவிட்டுப் போனாள். பத்து வருடம் ஆயிற்று. கத்தரி அதைப் பெரியவர் என்பார். "பெரியவர் கோவமா இருக்காரு." "பெரியவர் இன்னும் எந்திரிக்கல." எனக்கு அது முயல். அப்படியே எழுதுகிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலை அது மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. கேரட் இலை வைத்தது வைத்தபடி கிடந்தது. தினமும் ஒரு கை அளவு புழுக்கையைப் பெருக்கித் தள்ளுகிறவர் கத்தரி. அன்று பெருக்க ஒன்றுமில்லை.

கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பல் நீண்டு நாக்கைக் கிழித்திருந்தது. வலியில் சாப்பிடவில்லை, சாப்பிடாததால் குடல் நின்றுவிட்டது. பல்லை ராவிவிட்டார். வலி மருந்து கொடுத்தார். காய்ந்த புல்லை மாவாக்கி வெந்நீரில் குழைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் கடைவாய் ஓரமாகச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும். பகலில் இரண்டு மணிக்கொரு தடவை. வயிற்றைத் தடவிவிட வேண்டும். புதன்கிழமைக்குள் புழுக்கை போட்டால் பிழைக்கும். போடாவிட்டால் இல்லை.

"பத்து வயசுங்கறது முயலுக்குப் பெரிய வயசும்மா. கஷ்டப்படுத்தாம ஒரு ஊசி போட்டு அனுப்பி வெச்சுடலாம்" என்றார் மருத்துவர்.

"எனக்கு அம்பத்தேழு டாக்டர். எனக்குக் காய்ச்சல் வந்தா அனுப்பி வெச்சுடுவீங்களா? சிரிஞ்ச எப்படிப் புடிக்கணும்னு சொல்லுங்க."

மதியத்துக்கு மேல் வேலைக்குப் போய் இரண்டு நாள் லீவு கேட்டார். மேற்பார்வையாளருக்குக் கடிகாரம் என்று பெயர். மணிக்கட்டைப் பார்க்காமல் பேசமாட்டார்.

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"முயலுக்கு."

கடிகாரம் லீவுப் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். தாய், தந்தை, கணவன், பிள்ளை. "இதுல முயல் எங்கம்மா இருக்கு?"

"தங்கச்சி கூடத்தான் இல்ல. அதுக்காக அவ எனக்குச் சொந்தமில்லையா?"

லீவு இல்லை. அந்தச் சொந்தத் தங்கையும் கடைக் கல்லாவை விட்டு எழ முடியாது என்றாள். "உனக்கென்ன பைத்தியமாக்கா? சொன்னா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிச்சு முடிச்சதும் வந்து வெந்நி வெச்சுக் குடு."

அன்று மாலை எனக்குப் போன். "அண்ணே, நாலாவது ஷரத்த அப்படியே வாசிங்க."

"முயலுக்கா ஒப்பந்தம் போட்டோம்?" என்றேன்.

"வாசிங்கண்ணே."

வாசித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை, உடை மாற்றும் அறையில் பெஞ்சுக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. மேலே 'சட்டை, பெரிய அளவு' என்று அச்சடித்திருந்தது. உள்ளே சட்டைதான் இல்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு வேளை ஊட்ட இருபது நிமிடம், அதாவது மூன்று முறை எழுவது; மூன்று வில்லை என்போம். சாப்பாட்டு இடைவேளையை விட்டால் ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஒன்பது வில்லை. கத்தரிக்கு உரியது இரண்டு. மீதி ஏழும் மற்றவர்கள் தர வேண்டும். தருவது என்றால் என்ன? காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஐந்துவரை மீதமுள்ள ஒரே தடவையோடு அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். இதைக் கேட்க யாருக்கும் வாய் வராது. கத்தரி கேட்டார்.

சட்டை மடிக்கும் நெட்டைதான் முதலில் சிரித்தான். "அக்கா, எங்கப்பாவுக்கே நான் ஊட்டினதில்ல."

"இப்பப் பழகிக்க. அடுத்து அவருக்கும் ஊட்டலாம்."

நெட்டை எழுந்தான். அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். பொத்தான் துளை தைக்கும் காஜாக்காரம்மா மட்டும் முடியாது என்றார். "எனக்குச் சக்கரை. உசிரக் கேளு, குடுக்கறேன். வில்லையக் கேக்காத." அது நியாயம்.

செவ்வாய் முழுக்க ஊட்டினார்கள். பெட்டி சுத்தமாக இருந்தது. பத்து வருடத்தில் சுத்தத்தைப் பார்த்துக் கத்தரி முதல் தடவை பயந்தார்.

புதன்கிழமை, மருத்துவர் சொன்ன கடைசி நாள். அன்று மூன்று பேரால் அடக்க முடியவில்லை, தங்கள் வில்லையைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள்; நெட்டை தவிர தருகிற மற்ற ஐந்து பேருடையதும் கத்தரியுடையது ஒன்றும் மதியத்துக்குள் தீர்ந்திருந்தன. மூன்று மணி வேளைக்குக் கத்தரியுடையது ஒன்று, நெட்டையுடையது ஒன்று. மூன்றாவது இல்லை. காஜாக்காரம்மா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "காலையிலேருந்து சொட்டுத் தண்ணி குடிக்கல. என்னோடத எடுத்துக்க" என்றார்.

மூன்று மணிக்குக் கத்தரி வில்லையை மாட்டிக்கொண்டு போனார். வில்லை கழிப்பறைப் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் போவதைக் கடிகாரம் இரண்டு நாளாகக் கவனித்திருந்தார். பின்னாலேயே வந்தார்.

"என்னது இது?"

"முயல்."

"அது தெரியுது. இங்க என்ன பண்ணுது?"

"சாப்புடுது."

கடிகாரம் ஓடிப்போய் மேலாளரைக் கூட்டி வந்தார். கத்தரி எழுந்திருக்கவில்லை. மடியில் முயல், கையில் சிரிஞ்ச்.

"உள்ள மிருகம் கொண்டு வரக் கூடாது" என்றார் மேலாளர்.

"வாசல்ல பட்டியல் ஒட்டியிருக்கீங்களே சார். தீப்பெட்டி, குடை, போன், சாப்பாட்டு டப்பா. முயல் இல்ல. படிச்சுப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"முதல்ல எந்திரிங்க."

"எனக்கு இன்னும் மூணு நிமிஷம் இருக்கு. நாலாவது ஷரத்து. நீங்க கேக்கவே கூடாது. மீறிக் கேட்டீங்க, நானும் பதில் சொன்னேன்."

மேலாளர் மூன்று நிமிடம் நின்றார். கத்தரி எழுந்து போய் வில்லையை ஆணியில் மாட்டினார். நெட்டை அதை எடுத்துக்கொண்டு வந்து அதே இடத்தில் உட்கார்ந்து சிரிஞ்சைப் பிடித்தான்.

"நீ எங்க வந்த?"

"நாலாவது ஷரத்து சார்."

மேலாளர் அறைக்குப் போய் ஒரு தாள் அடித்துக் கடிகாரத்திடம் கொடுத்தனுப்பினார். முயலை இப்போதே வெளியேற்றாவிட்டால் வேலைநீக்கம். படித்துக் கையெழுத்துப் போடவும். அந்தத் தாள் மேஜைக்கு வந்தபோது நெட்டை திரும்பியிருந்தான், காஜாக்காரம்மா போயிருந்தார். கத்தரிக்கு அன்றைய வில்லைகள் தீர்ந்துவிட்டன. போய்ப் பார்க்க வழியில்லை. நூல் வெட்டிக்கொண்டிருந்தார்.

"கையெழுத்து" என்றார் கடிகாரம்.

"வெளிய அனுப்பினா இன்னிக்கே செத்துடுவாரு. போட மாட்டேன்."

"வேலை போயிடும்மா."

"போகட்டும். என்னத் தூக்குற தாள்ல நானா கையெழுத்துப் போடுவேன்?"

மேஜையில் பத்துப் பேருடைய கைகளும் ஒவ்வொன்றாக நின்றன. பக்கத்து மேஜையும் திரும்பிப் பார்த்தது. கடிகாரம் மணிக்கட்டைப் பார்க்க மறந்து நின்றார்.

காஜாக்காரம்மா வேகமாக வந்தார். வில்லையை ஆணியில் மாட்டவில்லை, எறிந்தார். மேஜையில் கிடந்த அந்தத் தாளைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் கையிலிருந்த துணித்துண்டைப் பிரித்துக் கொட்டினார். கறுப்பாக, மிளகு அளவில், காய்ந்தும் காயாமலும் உருண்டன.

"எண்ணிக்கோ" என்றார்.

கத்தரி ஒவ்வொன்றாக விரலால் தள்ளி, கடிகாரத்துக்கும் கேட்கும்படி எண்ணினார்.

ஐந்து.