காளான் பொடியும் பூவம்மாளின் கிட்னியும்

பூவம்மாளுக்கு இடது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு. பெங்களூரு ஆஸ்பத்திரியில் அங்கிருந்து எடுத்த கிட்னி இரண்டு வருஷமாக அவள் புருஷன் தீர்த்தகிரியின் அடிவயிற்றில் வேலை செய்துகொண்டிருந்தது. ஓசூர்ப் பக்கம் பேரிகை ஊரின் தக்காளிக் காட்டில் வளர்ந்தவள், பயந்த சுபாவம் கிடையாது. அவன் கூடப் பிறந்தவர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவியபோது, எனக்கு ரெண்டு இருக்குதில்ல என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

காலை எட்டு, இரவு எட்டு என்று மாத்திரை. ஒரு வேளைகூடத் தப்பவிடவில்லை, அதில் அவள் கெட்டி. ஆனால் பக்கத்து வீட்டில் யாராவது தும்மினால் போதும், தீர்த்தகிரிக்கு ஒரு வாரம் காய்ச்சல். ஏன் இப்படி என்று நர்ஸிடம் கேட்டாள். எதிர்ப்பு சக்தி கம்மியாக இருக்கும் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் நடந்துவிட்டாள். கம்மியாகத்தான் வைத்திருக்க வேண்டும், அதற்குத்தான் மாத்திரையே. அதை டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார், கன்னடமும் இங்கிலீஷும் கலந்து, மயக்கம் முழுசாகத் தெளியாதவளிடம். என்ன பிரயோஜனம்?

அந்தச் சமயத்தில்தான் சூளகிரிப் பக்கம் புதிதாக வந்த காளான் பொடிக் கம்பெனியில் பேக்கிங் வேலை கிடைத்தது. பாக்கெட்டின் மேல் கொட்டை எழுத்தில் அதே வார்த்தை: எதிர்ப்பு சக்தி. கீழே, வீட்டில் எல்லோருக்கும் ஏற்றது என்று இன்னொரு வரி. சூப்பர்வைசர் சுப்ரியா நன்றாகவே விளக்கினாள். காளானின் செல் சுவரில் ஒரு விதச் சர்க்கரை இருக்கிறது, பீட்டா குளூக்கான் என்று பெயர். நம் ரத்தத்து வெள்ளை அணுக்களுக்கு அதைப் பார்த்தாலே பூஞ்சைக் கிருமி உள்ளே புகுந்துவிட்டது என்று தோன்றும், விழித்துக்கொண்டு சண்டைக்குத் தயாராகும்.

"சானமாவுக் காட்டுல யானை வந்துடுச்சுன்னு போன் போட்டா, யானை வரலேன்னாலும் காவலுக்கு இருக்கறவங்க பட்டாசோட ஓடி வருவாங்கல்ல, அந்த மாதிரி" என்றாள்.

பூவம்மாளுக்கு இது அப்படியே மனசில் ஒட்டிக்கொண்டது. புதிதாக வருகிற பெண்களுக்கு அவளே சொல்லித்தருகிற அளவுக்குத் தேறிவிட்டாள். வீட்டில் புருஷனுக்கு இல்லாத சக்தி இங்கே மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே என்று அவள் நினைத்ததில் என்ன தப்பு? சீல் சரியாக விழாத பாக்கெட்டுகளைப் பெண்கள் எடுத்துப்போகலாம். ஆஸ்பத்திரியில் கண்ட மருந்தும் கூடாது என்றுதானே சொன்னார்கள், காளான் மருந்தா என்ன? தினமும் ராகிக் கஞ்சியில் ஒரு ஸ்பூன் கலந்தாள். மூன்று மாதம் தீர்த்தகிரிக்குச் சளியே இல்லை. பாத்தீங்களா என்று பெருமைப்பட்டுக்கொண்டாள், பாவி மகள்.

நான்காம் மாதம் அவன் கால் வீங்கியது, சிறுநீர் குறைந்தது. பெங்களூரில் ஊசி குத்திக் கிட்னியில் துளி சதை எடுத்துப் பார்த்த இன்னொரு டாக்டர், தமிழ் தெரிந்தவர், உடம்பு கிட்னியைத் தள்ளுகிறது என்றார். மாத்திரை விட்டீர்களா என்று கேட்டார். வேறு ஏதாவது கொடுத்தீர்களா என்றார். அவள் கைப்பையிலிருந்து பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா எதிர்ப்பு சக்தியத் தூங்க வெக்கத்தான் நாங்க மாத்திரை குடுக்கறோம். இது எழுப்பி விடற சாமான். எழுந்தா அதுக்கு உங்க கிட்னி வேத்தாள்தான்."

பட்டாசோடு ஓடி வந்தவர்கள் யார் மேல் வீசியிருப்பார்கள் என்று யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. யானையே வராத காட்டில் அவள் கொடுத்த கிட்னி மட்டும்தான் அந்நியமாக இருந்தது. எத்தனையோ மருந்து ஏற்றிப் பார்த்தார்கள், கிட்னி நிலைக்கவில்லை.

இப்போது வாரத்துக்கு மூன்று நாள் அவனுக்கு ஓசூரில் டயாலிசிஸ். மற்ற நாட்களில் அவள் அதே கம்பெனியில், அதே பாக்கெட்டை ஒட்டுகிறாள். புதுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கையில் கிட்னி மாற்றியவர்களுக்கு இது ஆகாது என்று ஒருநாள் சேர்த்துச் சொன்னாள். அதெல்லாம் நமக்கு எதுக்குக்கா என்று சுப்ரியா வாயை அடைத்துவிட்டாள்.

தீர்த்தகிரி அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. போன வாரம் டயாலிசிஸ் முடிந்து ஊசியைப் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்க அவள் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அவன் கூரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"குடுத்ததும் நீ, திருப்பி வாங்கிக்கிட்டதும் நீ."

பத்து நிமிஷம் அழுத்த வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவள் கையை எடுக்கவில்லை.