மூடியில் எழுதியிருந்த தொண்ணூற்றைந்து

டர்போ பூட்டிய பெற்றோல் கெப் வண்டிக்கு 95 ஒக்டேன் அடிப்பதா, 92 போதுமா?

சிரிக்காதீர்கள். பிள்ளைக்கு என்ன ஊட்டுவது, முன்பள்ளிப் பையில் என்ன வைப்பது என்று இந்தப் பத்தியில் வாராவாரம் புலம்புகிறவளுக்கு வண்டி எண்ணெயில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் மூன்று வாரமாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. மூன்று பேரிடம் கேட்டாயிற்று — மூன்று பதில்.

போன வாரம் இந்த இடம் காலியாகப் போனதற்கும் இதுதான் காரணம். மகளுக்குச் சுகமில்லை என்று பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லியிருந்தேன். மகள் அதற்குள் சுகமாகி முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். சரியில்லாமல் இருந்தது நான்தான்.

நடந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை நண்பகல். நாலு வயது மகளுக்கு இழுப்பு வந்துவிட்டது. வீட்டிலிருந்த இன்ஹேலர் பம்பை இரண்டு தரம் அடித்தும் அடங்கவில்லை. உதடு கறுக்கத் தொடங்கியது. கணவர் கத்தாரில். தெருவுக்கு ஓடினேன். பள்ளிவாசல் வாசலில் முச்சக்கர வண்டிகள் வரிசையாக நிற்கின்றன... ஒன்றிலும் ஆள் இல்லை. ஜும்ஆத் தொழுகை நேரம். அந்த நேரத்தில் எங்கள் ஊர் பள்ளிவாசல்துறையில் தெருவில் நிற்கும் ஓர் ஆண்பிள்ளையைக் கண்டுபிடித்துத் தாருங்கள், பார்ப்போம்!

பக்கத்து வீட்டு பரீனா ராத்தா என் சத்தம் கேட்டு மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அடுத்த நிமிடம் அவருடைய கையில் தன் கணவரின் கெப் வண்டிச் சாவி.

"நீங்க ஓட்டுவீங்கதானே புள்ள? லைசன்ஸ் இருக்குதானே? இந்தாங்க, பிடிங்க!"

"ராத்தா, நானாட்ட ஒரு வார்த்தை கேக்காம..."

"அவரு இப்ப பள்ளியில ஸுஜூதுல இருப்பாரு. எழும்பின பொறகு கேட்டுக்கலாம். போங்க நீங்க! ஒண்டு மட்டும் — டீசல் அடிச்சிராதீங்க. இது பெற்றோல்!"

ஏன் அந்த எச்சரிக்கை? எங்கள் கரையில் கெப் என்றாலே டீசல்தான். ராத்தாவின் கணவர் நிஸ்தார் நானாவுடையது மட்டும் பெற்றோல், அதிலும் டர்போ. விடிய விடியக் கரையில் மீன் வாங்கி, ஐஸ் போட்டு, அந்த வண்டியின் பின்தட்டில் ஏற்றித்தான் சிலாபத்துக்குக் கொண்டுபோவார். குடும்பத்தின் சோறு அது. வேகம் எடுக்கும்போது மெல்லிய விசில் சத்தம் ஒன்று வரும். அந்த விசிலுக்கு ஆசைப்பட்டுத்தான் மனிதர் வண்டியையே வாங்கினார் என்பது ராத்தாவின் கட்சி.

மகளை மாமி — கணவரின் உம்மா — மடியில் வைத்துக்கொண்டார். நான் ஓட்டினேன். விசில் கேட்டதா என்று தெரியாது. பின்னால் அவள் மூச்சு இழுக்கிற சத்தம்தான் எனக்குக் கேட்டது.

புத்தளம் ஆஸ்பத்திரியில் முகமூடி போட்டு மருந்துப் புகை கொடுத்தார்கள். மாலை அஸர் தொழுகை நேரம் வரும்போது பிள்ளை பிஸ்கட் கேட்டாள். அல்ஹம்துலில்லாஹ். வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

இதுவரைக்கும் நான் நல்ல தாய். நல்ல ஓட்டுநரும்கூட. இனித்தான் வருகிறது.

எங்கள் ஊரில் இரவல் வண்டிக்கு வாடகை கிடையாது. கொடுக்கப் போனால் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: எடுத்தபோது நின்ற இடத்தைவிட எண்ணெய் முள் மேலே நிற்க வேண்டும். வண்டியைத் திருப்பிக் கொடுத்ததும் சாவியைத் திருகி முள்ளைப் பார்ப்பார்கள். யார் வீட்டு மையத்தை அடக்க வண்டி போனது, யார் வீட்டுப் பிரசவத்துக்குப் போனது, முள் எந்த இடத்தில் திரும்பி வந்தது... எல்லாம் கரையில் கதையாகும்.

கணவர் வெளிநாட்டில் உழைக்கும் வீட்டு முள் எங்கே நிற்க வேண்டும்? உச்சியில்தானே!

வரும் வழியில் எங்கள் பெற்றோல் செட்டுக்குத் திருப்பினேன். பம்பில் செல்வம் அண்ணன். உடப்புக் கிராமத்தைச் சேர்ந்தவர், ஐம்பது வயதிருக்கும். என் ஸ்கூட்டிக்கு எப்போதும் எண்ணெய் அடிக்கிறவர். மூடியைத் திறந்தார். உட்பக்கத்தில் நிஸ்தார் நானாவின் கோணல் எழுத்தில், கறுப்பு மையில், தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருந்தது: '95 மட்டும்.'

"தங்கச்சி, தொண்ணூத்தஞ்சு எண்டு எழுதிக் கிடக்கு. அதையே அடிப்பமா?"

கைப்பையில் இருந்த காசுக்கு 95 அடித்தால் முள் உச்சிக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிடும். விலை குறைந்த 92 என்றால் கோட்டைத் தொட்டுவிடும். இடையில் ஒரு விரல் தூரம்... அவ்வளவுதான்.

"தொண்ணூத்திரெண்டு அடிங்க அண்ணன். ஃபுல் டேங்க்."

அவர் என்னைப் பார்த்தார். பின் ஆசனத்தில் மாமியின் மடியில் கண்மூடிக் கிடந்த பிள்ளையைப் பார்த்தார்.

"டர்போ வண்டி தங்கச்சி. யோசிச்சுத்தானே சொல்றீங்க?"

"ஓம், ஓம். அவங்க எப்பவும் இதுதான் அடிக்கிறவங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தை யார் கேட்டார்கள்? யாருமே கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். பொய்யை எப்போதும் ஒரு பிடி கூடுதலாகவே போடுகிறோம், இல்லையா?

சாவியைக் கொடுத்தேன். நிஸ்தார் நானா முள்ளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. இஷா தொழுகை முடிந்து பள்ளிவாசல் முன்னால் நின்று, "ஃபுல் டேங்க் அடிச்சுக் குடுத்திருக்காங்க! கத்தாருக்காரன்ட பொஞ்சாதி எண்டா சும்மாவா!" என்று சொன்னாராம். செய்தி கத்தாருக்கே போய்விட்டது. கணவர் அழைத்துப் பாராட்டினார். நானும் கேட்டுக்கொண்டேன் — பாராட்டுக்கு உரியவள் மாதிரி.

இரண்டு நாள் கழித்து நிஸ்தார் நானா எங்கள் படலையடியில் வந்து நின்றார். முகம் சரியில்லை.

"புள்ள, வண்டில ஒரு சத்தம். லோட்டோட மிதிச்சா டப்பாக்குள்ள கல்லுப் போட்டுக் குலுக்கின மாதிரிக் கேக்குது. இழுவையும் இல்ல. நீங்க எந்தச் செட்டுல அடிச்சீங்க?"

சொன்னேன்.

"தொண்ணூத்தஞ்சுதானே?"

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை அவர். பேச்சோடு பேச்சாகக் கேட்டார். அதனால்தான் அவ்வளவு சுலபமாக வந்தது.

"ஓம் நானா."

"அப்ப விஷயம் விளங்குது. மண்ணெண்ண கலந்திருக்கானுவள்!"

"அப்பிடி இருக்காது நானா..."

"நீங்க சும்மா இருங்க புள்ள. உங்களுக்கு இவனுவள்ட வெளயாட்டுத் தெரியாது."

எண்ணெய்க்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற அந்த ஆண்டுக்குப் பிறகு எங்கள் கரையில் எல்லோருமே அரை மெக்கானிக். பெற்றோலை விரலில் தொட்டு மணந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். நிஸ்தார் நானா முழு மெக்கானிக். நேரே செட்டுக்குப் போய்விட்டார்.

மாலையில் மதிலுக்கு அப்பால் ராத்தாவிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "பத்துப் பேருக்கு முன்னால கேட்டுட்டன். 'வெள்ளிக்கிழம என்ட வண்டிக்கு என்னத்தக் கலந்தாய்?' எண்டு. அந்த ஆள் ஒரு சொல்லுப் பேசல்லயே! தலயக் குனிஞ்சிக்கிட்டு நிண்டான். கள்ளன் இல்லாட்டி பேசுவான்தானே? முதலாளி ஆளப் பம்புல இருந்து எடுத்துட்டாரு. இப்ப டயருக்குக் காத்தடிக்கிறான். விசாரிச்சுட்டு நிப்பாட்டப் போறாராம்."

நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கையிலிருந்த துணியை எவ்வளவு நேரம் பிழிந்தேன் என்று தெரியாது.

அவர் பேசியிருக்கலாமே! 'அந்தத் தங்கச்சிதான் 92 கேட்டா' என்று ஒரு வரி. அவ்வளவுதானே? அவருடைய வேலை தப்பியிருக்கும்.

உடனே ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். இல்லை. மூன்று நாள் போனது. சொன்னால் கணவருக்கு என்ன பெயர்? மாமி என்ன நினைப்பார்? ஒரு நாள் பொறுத்தால் தானாக அடங்காதா? படித்தவளுக்குக் காரணங்களுக்கா பஞ்சம்!

நாலாம் நாள் காலையில் மகள் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். மூன்று சக்கரச் சைக்கிள். கையில் தண்ணீர்க் குழாய். பெற்றோல் செட் விளையாட்டு.

"தொண்ணூத்திரெண்டு அடிங்க. ஃபுல் டேங்க்," என்றாள் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று. பிறகு குரலை மாற்றி — என் குரல், என்னுடைய அதே அவசரம் — "ஓம், ஓம். அவங்க எப்பவும் இதுதான் அடிக்கிறவங்க."

தூங்கினாள் என்றல்லவா நினைத்திருந்தேன்!

குழாயை மூடக்கூட நிற்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். ராத்தா, "என்ன புள்ள, திரும்பவும் இழுப்பா?" என்று பதறிக்கொண்டு சாவியை எடுக்கப் போனார். அந்தச் சாவியைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். முள், ஒரு விரல் தூரம், 'ஓம் நானா' உட்பட.

நிஸ்தார் நானா கதிரையில் இருந்தபடி கேட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் போலவும் இருந்தது.

"வண்டிய விடுங்க புள்ள. அது இரும்பு," என்றார் கடைசியில். "நான் அந்த மனிசன ஊருக்கு முன்னால கள்ளன் எண்டு சொல்லிட்டன். உம்முடைய பொய்யில என்ட வாயும் சேர்ந்திருச்சு."

'நீங்க' ஒரு படி இறங்கி 'உம்முடைய' ஆகிவிட்டதைக் கவனித்தேன்.

"எழும்புங்க, நானும் வாறன் செட்டுக்கு," என்றேன்.

"வேணாம். என்ட வாய் சொன்னத என்ட வாய்தான் எடுக்கணும்."

நானும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டும்.

அவர் போனார். முதலாளியைக் கூப்பிட்டு, வந்து நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, பிழை செட்டில் இல்லை, தன் பக்கம்தான் என்று சொல்லியிருக்கிறார். என் பெயரைச் சொல்லவில்லை. செல்வம் அண்ணன் அன்றைக்கே பம்புக்குத் திரும்பிவிட்டார்.

"ஏன் அண்டைக்கு வாய் திறக்கல்ல எண்டு கேட்டன்," என்றார் திரும்பி வந்த நிஸ்தார் நானா. "'சுகமில்லாத புள்ளயோட வந்த தங்கச்சி. அந்த நேரத்துல மனசு எங்க நிண்டிச்சோ. அத்தன பேருக்கு முன்னால அவட பேர எப்பிடிச் சொல்ற?' எண்டு என்னையே திருப்பிக் கேக்குறான்."

மனசு எங்கே நின்றது என்று எனக்குத் தெரியும். முள்ளில் நின்றது.

சரி, வண்டிக்கு என்ன ஆனது? நிஸ்தார் நானா அந்த டேங்க் எண்ணெயை எடுக்காமல், மேலே 95 நிரப்பி மெதுவாக ஓட்டினார். சத்தம் குறைந்தது. பாலாவியில் ஒரு மெக்கானிக், "டர்போவுக்குத் தொண்ணூத்திரெண்டா? பிஸ்டன் போகாதது உங்கட அதிர்ஷ்டம்," என்றார். இன்னொருவர், "இந்தக் காலத்து எஞ்சின் தானே சமாளிச்சுக்கும். இழுவைதான் கொஞ்சம் குறையும்," என்றார். மூன்றாமவர் பொனட்டுக்குள் தலையைவிட்டுப் பார்த்துவிட்டு, "பிளக் எல்லாம் பழசு. எதை அடிச்சாலும் சத்தம் வந்திருக்கும்," என்றார். ஆகவே முதல் வரியில் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. மூன்றாமவர் சொன்னது உண்மையாக இருக்கட்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆசைப்படுவதற்கும் வெட்கமாக இருக்கிறது. வண்டி கெடாவிட்டால் மட்டும் நான் சொன்ன பொய் 'ஓம்' மெய்யாகிவிடுமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை நாளாக நான் செல்வம் அண்ணனின் செட்டுக்குப் போகவில்லை. ஸ்கூட்டிக்கு எண்ணெய் அடிக்க புத்தளம் வரை போகிறேன். அங்கே போய் வரவே பாதி எண்ணெய் போய்விடுகிறது. எவ்வளவு பெரிய புத்திசாலி, பாருங்கள்!

இதை எழுதும்போது ஸ்கூட்டியின் முள் சிவப்பில் நிற்கிறது. புத்தளம் வரை தாங்காது. நாளைக்கு அவரிடம்தான் போக வேண்டும். அவர் வழக்கம்போல மூடியைத் திறந்துகொண்டே, "எது தங்கச்சி?" என்று கேட்பார். மன்னிப்பு என்ற சொல்லை எடுத்தால், வரிசையில் நிற்கிற நாலு பேருக்கு முன்னால் வேண்டாம் என்று கையைக் காட்டிவிடுவார். அவர் அப்படிப்பட்டவர் என்று இப்போது தெரிகிறது.

வண்டி தெரிந்த வாசகர்கள் 92, 95 பற்றி எழுதுங்கள், படிக்கிறேன். மனிதர்களைத் தெரிந்தவர்கள் இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்: என் ஸ்கூட்டிக்கு 92 போதும்... ஆனால் அதை அவரிடம் நான் எந்த வாயால் கேட்பது?