இருபத்துமூன்றாம் வால்வு

தெருமுனையில் அம்மாவின் காக்கி மேல்சட்டை தெரிந்தால் போதும். "போலீஸ் வருது, பைப்பை மூடு!" என்று வீட்டுக்கு வீடு குரல் போகும். அம்மா போலீஸ் இல்லை. தண்ணீர் அலுவலகத்தில் கள ஆய்வாளர். தோள்பையில் ஒரு ஸ்பேனர், சாக்பீஸ், நடுவில் ஊசித்துளை போட்ட பித்தளை வட்டுகள். கையில் இடுப்பளவு இரும்புக் கம்பி. இருபத்தாறு வருடமாக இதே கோலம்தான்.

விதிகளைக் கரைத்துக் குடித்தவள். ஹோஸ் பிடித்து வண்டி கழுவக் கூடாது, வாளியில் மொண்டு கழுவலாம். தொட்டி வழிந்தால் முதல் தடவை வாயால் எச்சரிக்கை, இரண்டாம் தடவை எழுத்தில். மூன்றாம் தடவை மீட்டரைக் கழற்றி உள்ளே ஒரு வட்டைப் போட்டுவிடுவாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரு வாளி நிரம்ப அரை மணி நேரம் ஆகும். சொந்தத் தம்பி வீட்டுக்கே வட்டு போட்டவள். தம்பி ஒரு வருடம் பேசவில்லை. "நல்லதுதான். பேசாம இருந்தா தொண்டை காயாது, அதுலயும் தண்ணி மிச்சம்" என்றாள்.

மழை பொய்த்த நாலாவது வருடம் புது விதி ஒன்று வந்தது. ஒரு பகுதிக்குள் போகும் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தொடர்ந்து மூன்று வாரம் காணாமல் போனால், அந்தப் பகுதியின் வீட்டுக் குழாய்கள் முப்பது நாளைக்கு மூடப்படும். கசிவு என்று கண்டுபிடித்துச் சரிசெய்தால் தப்பிக்கலாம். திருட்டு என்றால் திருடியவரின் இணைப்பை மட்டும் ஒரு வருடத்துக்குத் துண்டிப்பார்கள், மற்றவர்களுக்குத் தண்ணீர் உண்டு.

இந்தக் கடைசி வரிதான் வினை.

அம்மாவின் பகுதியில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். மூன்றாவது வாரம் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை கெடு. தண்ணீர் மதியம் இரண்டு மணிக்கு வந்து நாலு மணிக்கு நின்றுவிடும். குழாயில் அழுத்தம் இருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் கசிவின் சத்தம் கேட்கும். கம்பியின் ஒரு முனையை வால்வின் மேல் ஊன்றி, மறுமுனையில் காதை வைக்க வேண்டும். பூமிக்குள் எங்காவது தண்ணீர் பீய்ச்சினால் கம்பிக்குள் 'ஸ்ஸ்' என்று ஓடும். சத்தம் இல்லையென்றால் குழியின் மூடி மேல் சாக்பீஸால் ஒரு வட்டம். நாற்பத்தொரு வால்வு. அம்மா நாற்பத்தொரு வட்டம் போட்டுவிட்டாள்.

கசிவு இல்லையென்றால் திருட்டு. திருட்டென்றால் யார்? அவ்வளவு தண்ணீர் தேவைப்படுகிற ஆள் அங்கே ஒருவர்தான், சலவைக்கடைக்காரர். கோடையில் அவர் மீட்டர் ஒரு மாதம் நின்று கிடந்தது. நின்றுபோனதை எழுதிக் கொடுத்தவரே அவர்தான். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மகள் சமையலறை வாசலில் நின்றாள். அவள் அதே அலுவலகத்தில் பொறியாளர். எந்தப் பகுதிக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதை மாடி அறையில் திரையில் பார்ப்பது அவள் வேலை.

"அம்மா, அவர் எடுக்கல."

"யாரு சொன்னா?"

"புதன்கிழமை அவர் மெஷின் மோட்டார் எரிஞ்சுபோச்சு, கடையே திறக்கல. அன்னிக்கும் அதே அளவு காணோம். நிமிஷத்துக்கு நாப்பது லிட்டர். ரெண்டு மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும் கோடு ஆடவே இல்ல. திருடுறவன் திறப்பான், மூடுவான். இது ஓட்டை."

"அதிகாரிகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'உங்கம்மாவே நாப்பத்தொண்ணும் சுத்தம்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. உன் கோட்டை நம்பவா, அவங்க காதை நம்பவா'ன்னு கேக்குறாரு."

"காதைத்தான் நம்பணும்."

மகள் வலது பக்கமாகப் போய் நின்று, மெல்ல, "அம்மா" என்றாள். மறுபடியும், "அம்மா." மூன்றாவது தடவையும் அம்மா திரும்பவில்லை. மகள் தோளைத் தொட்டாள்.

"எத்தனை நாளா?"

அம்மா தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "ரெண்டு வருஷம். ஆபீஸ்ல தெரிஞ்சா நாற்காலியில உக்கார வெச்சிடுவானுங்க. இன்னும் மூணு வருஷம்தான்டி இருக்கு. இடது காது நல்லாத்தான் இருக்கு. கம்பி ஒண்ணுதானே, காது ஒண்ணு போதாதா?"

"நாப்பத்தொண்ணையும் இடது காதாலதான் கேட்டியா?"

கை நின்றது. அம்மா குழாயை இறுக்கி மூடினாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

"கேட்டேன். போ, போய் வேலையைப் பாரு."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அதிகாரி வந்துவிட்டார். சலவைக்கடை வாசலில் பாதித் தெரு கூடியிருந்தது. துண்டிக்க வேண்டியவள் அம்மா. மகள் திரையை விட்டுவிட்டு வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள்.

சலவைக்காரர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "அக்கா, பதினஞ்சு வருஷமா உங்க சட்டையை நான்தான் தேய்க்கிறேன். ஒரு பட்டன் காணாம போயிருக்கா? பட்டன் திருடாதவன் தண்ணி திருடுவேனா?"

"பட்டனைக் குடிக்க முடியாதே!" என்றார் எதிர்வீட்டு வாத்தியார். சிரிப்பு எழுந்தது.

சலவைக்காரர் முகம் சுண்டிப்போனது. "நீங்க போட்டிருக்கிற வெள்ளைச் சட்டையும் நான் வெளுத்ததுதான் சார்."

அம்மா ஸ்பேனரை எடுத்தாள். மீட்டரைப் பார்த்தாள். ஸ்பேனரைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டுக் கம்பியோடு நடக்கத் தொடங்கினாள்.

"எங்கம்மா போறீங்க? மணி மூணே கால்" என்றார் அதிகாரி.

"நாலு வரைக்கும் தண்ணி இருக்கு சார்."

மாவு மில் சந்தின் கோடியில் இருந்தது இருபத்துமூன்றாம் வால்வு. ஒரு பக்கம் மில்லின் சுவர், மறுபக்கம் மின்மாற்றியின் கம்பிவேலி. இரண்டுக்கும் நடுவே உடம்பை நுழைத்துக் குனிந்தால் தலை ஒரே பக்கமாகத்தான் சாயும். கம்பியில் வலது காதைத்தான் வைக்க முடியும். பின்னால் வந்த மகள் அதைப் பார்த்தாள். விஷயம் அப்போதுதான் புரிந்தது.

மூடி மேல் அம்மாவின் வட்டம், கலையாமல் இருந்தது.

"அது சுத்தம்னு எழுதியாச்சேம்மா" என்றார் அதிகாரி.

அம்மா மூடியைத் தூக்கி, கம்பியை உள்ளே ஊன்றினாள். மேல்முனையைச் சட்டை நுனியால் துடைத்தாள். பிறகு வாயைத் திறந்து, கம்பியைப் பல்லால் கடித்தாள்.

"போலீஸுக்குப் பசி போல!" என்றார் வாத்தியார். சந்து முழுக்கச் சிரித்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையை மட்டும் உயர்த்தினாள். சிரிப்பு அடங்கியது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபத்தைந்து. மூன்று இருபத்தாறு.

அம்மா கம்பியை எடுத்தாள். உதட்டில் துரு. மூடியின் மேல் இருந்த வட்டத்தை உள்ளங்கையால் அழித்து, அதே இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

"இங்க தோண்டுங்க."

"போன வாரம் கேக்காதது இன்னிக்கு எப்படிம்மா கேட்டுது?"

அம்மா நிமிர்ந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"இந்த மூலையில வலது காதைத்தான் வைக்க முடியும். என் வலது காது போய் ரெண்டு வருஷமாச்சு. அன்னிக்கு வெச்சேன், ஒண்ணும் கேக்கல. கேக்காதுன்னு தெரிஞ்சேதான் வட்டம் போட்டேன். பல்லால கடிச்சா எலும்பு வழியா நல்ல காதுக்குப் போயிடும். அன்னிக்கே கடிச்சிருக்கணும். யாராவது பாத்து, ஏன் கடிக்கிறேன்னு கேட்டா என்ன சொல்றது? அதனால கடிக்கல." சலவைக்காரரைப் பார்த்தாள். "தப்பு என்னோடது. உன்னோடது இல்ல."



தோண்டினார்கள். முழங்கை ஆழத்தில் மண் ஈரமானது. இடுப்பாழத்தில் குழாயின் இணைப்பு விட்டுப்போயிருந்தது. பீய்ச்சிய தண்ணீர் அப்படியே கீழே கிடந்த பழைய மழைநீர் வடிகாலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் மேலே ஒரு சொட்டுக்கூடத் தெரியவில்லை. மூன்று ஐம்பதுக்கு வால்வைத் திருகி மூடினார்கள். மகள் மாடி அறைக்கு போன் போட்டாள். நிமிஷத்துக்குக் காணாமல் போன நாற்பது லிட்டர், இரண்டாகிவிட்டதாம்.

தப்பான வட்டம் போட்ட ஆய்வாளருக்கு என்ன தண்டனை என்று விதியில் இல்லை. அன்று சாயங்காலம் அம்மா தன் வீட்டு மீட்டரைக் கழற்றி உள்ளே ஒரு வட்டைப் போட்டாள். தெருவுக்கு வந்திருக்க வேண்டிய அதே முப்பது நாளுக்கு. மகளும் அரை வாளியில் குளித்தாள்.

திங்கட்கிழமை அம்மாவைப் புகார்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். நாள் முழுக்கத் தொலைபேசி. "செவிடிக்குப் போன் எடுக்குற வேலை. நம்ம ஆபீஸுக்கு மூளை அமோகம்டி" என்று சிரித்தாள். காக்கிச் சட்டையை மட்டும் விடவில்லை.

கிட்டத்தட்ட மூன்று வருடம் கழித்து, ஓய்வுக்கு மூன்று மாதமே இருக்கும்போது, போன மாதம், அந்த மேசையிலேயே இறந்தாள். ரிசீவர் சரியாக வைக்கப்பட்டிருந்தது.

நேற்று சலவைக்காரர் வீட்டுக்கு வந்தார். கையில் அம்மா கடைசியாக வெளுக்கப் போட்ட காக்கிச் சட்டை, தேய்த்து. அதன் மேல் காகிதத்தில் மடித்த ஒரு சாக்பீஸ் துண்டு.

"பாக்கெட்ல இருந்துச்சும்மா. தண்ணியில கரைஞ்சிடுமேன்னு முன்னாடியே எடுத்து வெச்சிட்டேன்."

மகள் இன்று இரண்டு மணிக்குக் கம்பியை எடுத்துக்கொண்டு மாவு மில் சந்துக்குப் போனாள். அவளுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். ஆனாலும் கம்பியைப் பல்லால் கடித்தாள். துருவின் சுவை. கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் அப்படியே இருந்தாள்.

எந்தச் சத்தமும் இல்லை.

மூடியைப் போட்டாள். அந்தச் சாக்பீஸால் அதன் மேல் ஒரு வட்டம் போட்டாள்.