உடையப்பன் அறுத்த வலை

உடையப்பன் என் புது வலையைக் கத்தியால் அறுத்து ஆறு வருஷம் ஆகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை. கேட்டுவிட்டு அறுத்திருந்தால்கூட ஒரு அறையோடு விட்டிருப்பேன்.

கடலுக்கு லாயக்கில்லாத ஆள் அவன். பிறந்தது, வளர்ந்தது, குலை வெட்டியது எல்லாம் செம்பனைத் தோட்டத்தில். வீடமைப்புக் கம்பெனிக்குத் தோட்டத்தை முதலாளி விற்று, கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தைக் காலி செய்யச் சொன்னதும் கோலா சிலாங்கூர் படகுத்துறைக்கு வந்து என்னோடு ஒட்டிக்கொண்டான். நீந்தத் தெரியாது. படகிலும் தோட்டத்து ரப்பர் பூட்ஸ்தான். கேட்டால், "பாம்பு இருக்கும்ண்ணே" என்பான்.

வந்த மூன்றாம் மாதம், ஒரு காலையில் ஆற்று முகத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தோம். முன்னால் அவன், பின்னால் எஞ்சினோடு நான். கடல்பன்றிக் குட்டி ஒன்று சிக்கியிருந்தது. லும்பா-லும்பா, அதாவது டால்பின் ஜாதிதான்; ஆனால் முதுகில் துடுப்பு கிடையாது, மூஞ்சி மொழுக்கென்று இருக்கும். அது தலையைத் தூக்கத் தூக்க, இந்தப் புண்ணியவான் இரண்டு கையாலும் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்ற?"

"துள்ளி வெளிய வருதுண்ணே. காத்துப் பட்டா செத்துரும்ல? தண்ணியிலயே இருக்கட்டும், அப்புறம் அவுத்து விடலாம்."

"அது மீனில்லடா மடையா! ஒன்னய மாதிரி மூச்சு விடும், தாய்கிட்ட பால் குடிக்கும். தூக்குடா மேல!"

தூக்கினான். அதற்குள் மூச்சு அடங்கிவிட்டது. தாய் படகைச் சுற்றிச் சுற்றி வந்து புஸ், புஸ்ஸென்று மூச்சு விட்டது. இவன் காதைப் பொத்திக்கொண்டான்.

அன்றிலிருந்து தொல்லை. யாரிடம் கேட்டு வந்தானோ, மீன் பிடிக்கிறவனுக்கே பாடம் எடுத்தான்.

"பதினோரு மாசம் சுமக்குமாம்ண்ணே. ஒண்ணே ஒண்ணுதான் போடுமாம். தூங்குறப்பவும் பாதி மூளை முழிச்சிருக்குமாம், மூச்சுக்கு மேல வரணும்ல?"

"ஒனக்கு முழுசும் தூங்குது லா" என்றான் ஐஸ் ஏற்றும் அர்ஜுனன். துறையே சிரித்தது.

அடுத்த வருஷம் பெரியது ஒன்று மாட்டியது. தலை நீருக்குள். இழுத்து அவிழ்க்கலாமென்று நான் எஞ்சினை நிறுத்துவதற்குள், மூன்று ஆள் நீளத்துக்கு வலையைச் சரசரவென்று அறுத்துவிட்டான். அது திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது. இவன் நின்று அழுகிறான். கரைக்கு வந்ததும், "இனிமே என் படகுல கால வைக்காத" என்று இறக்கிவிட்டேன்.

அதோடு தொலைந்தானா? மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போகுமுன் தினமும் துறைக்கு வந்துவிடுவான். "இன்னைக்கு ஏதும் மாட்டுச்சாண்ணே?" இல்லை என்றால்தான் வேலைக்குப் போவான். சில நாள் வேண்டுமென்றே, "மாட்டுச்சு" என்பேன். முகம் செத்துப்போகும். அந்த மூஞ்சிக்கு அது போதும்.

போன மாதம் அவன் மகள் தனேஸ்வரி, ராவாங்கில் இருக்கும் தன் வீட்டுக்கே அவனைக் கூட்டிப்போகக் காரோடு வந்தாள். ஏறி உட்கார்ந்தவன் மறுபடி இறங்கி என்னிடம் வந்தான். வலைக்கு இப்போதாவது வருத்தம் சொல்வான் என்று நின்றேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அண்ணே, வலையப் போட்டுட்டு கரைக்கு வந்து டீ குடிக்காதீங்க. கூடவே இருங்க. வலை ஆடுனா ஒடனே தூக்கிப் பாருங்க. மூஞ்சி மட்டும் மேல வந்தாப் போதும்ண்ணே, அதுவா மூச்சு விட்டுக்கும்."