வெறும் பிளாஷ்

பெரியப்பாவின் எண்பதாம் கல்யாணத்தில், போன மாதம் வாங்கிய என் முதல் கேமராவின் பிளாஷைத் தட்டிப் பார்த்தேன். அந்த வெளிச்சத்தில் அம்மா வந்து நின்றாள்.

என் சின்ன வயதில், அக்காவின் காதுகுத்துக்குப் பெரியப்பாதான் போட்டோ எடுத்தார். பீங்கான் பட்டறையிலிருந்து ஓடிவந்த அம்மா, முழங்கை வரை ஒட்டியிருந்த வெள்ளை மண்ணைக் கழுவிவிட்டு, இருந்த ஒரே பட்டுப்புடவையில் ஆசையாக நின்றாள். பளிச்சென்று அடித்தார். பிரிண்ட் வந்தபோது அம்மா எதிலுமே இல்லை.

“பட்டறைக்குப் போறவளுக்கு எதுக்கு பிலிமு? வெறும் பிளாஷ்தான் அடிச்சேன்” என்று எல்லார் எதிரிலும் சிரித்தார். ஒரு படம்கூட இல்லாமல் அம்மா செத்துப்போனாள்.

“நல்லா எடும்மா, பெருசா வூட்ல மாட்டணும்” என்றார் பெரியப்பா, மாலையைச் சரிசெய்தபடி.

போன வாரம் மெமரி கார்டு போட மறந்து ஒரு கல்யாணம் முழுக்க எடுத்து ஏமாந்தேன். கார்டு இல்லாவிட்டாலும் பிளாஷ் அடிக்கும். இன்று மறக்கவில்லை, கார்டைக் கழற்றிக் கைப்பையில் போட்டேன்.

“நல்லா சிரிங்க பெரியப்பா.”